உண்டிவில்லில் தொடங்கிய குறி... ஜிம் கார்பெட்டை உருவாக்கிய பொறுமையான ஆசான்கள்!

பத்து வயசுல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. சைக்கிள் ஓட்டப் பழகியிருப்பீங்க. கிணத்துலயோ நீச்சல் குளத்துலயோ தண்ணி குடிச்சிருப்பீங்க. யாரோ ஒருத்தர் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அவர் கத்தினாரா, பொறுமையா சொன்னாரா... அது மட்டும் இன்னிக்கும் ஞாபகம் இருக்கும், இல்லையா?

இப்போ 1880-களின் நடுப்பகுதிக்கு வாங்க. இமயமலை அடிவாரத்து ஊரான நைனிதால். அங்கே சுகா தால் என்ற இடத்தில் ஒரு துப்பாக்கிச் சுடும் மைதானம். தரையில் குப்புறப் படுத்திருக்கிறான் பத்து வயதுப் பையன் ஒருவன். கையில் பாயின்ட் 450 மார்ட்டினி ரைஃபிள். பெரியவர்களின் தோளையே பதம் பார்க்கிற அளவுக்கு உதைக்கும் துப்பாக்கி அது. 200 கெஜம் தள்ளி இலக்குப் பலகை. பின்னால் நிற்பவர் பள்ளித் தலைமை ஆசிரியர். கண்டிப்புக்குப் பேர்போனவர். பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'டெட் ஐ டிக்'. அன்றைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய ராணுவ அதிகாரி வேறு பார்வையிட வந்திருக்கிறார். பையனுக்குக் கை உதறுகிறது.

அப்போது அந்த அதிகாரி ஒரு காரியம் செய்தார். அது என்னன்னு கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன். ஏன்னா, அந்தப் பையன் அந்த மைதானத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான்னு தெரிஞ்சாதான் அந்தக் காரியத்தோட மதிப்பு புரியும்.

அந்தப் பையனின் பெயர் எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட். நமக்கெல்லாம் தெரிந்த ஜிம் கார்பெட்.

கஞ்சிக்கு ஈடாக ஓர் உண்டிவில்

ஜிம் பிறந்தது 1875 ஜூலை 25-ம் தேதி. அப்பா கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட், நைனிதாலின் போஸ்ட்மாஸ்டர். அம்மா மேரி ஜேன். பிள்ளைகள் நிறைந்த பெரிய வீடு. கோடைக்கு நைனிதால், குளிர்காலத்துக்கு மலைக்குக் கீழே இருக்கும் காலாதுங்கி கிராமம் என இரண்டு ஊர்களில் மாறி மாறி வாழ்க்கை. காலாதுங்கி வீட்டின் வாசலைத் தாண்டினாலே காடு.

ஜிம்முக்கு ஆறு வயது முடிவதற்குள், 1881-ல் அப்பா இறந்துவிட்டார். குடும்பப் பொறுப்பும் போஸ்ட்மாஸ்டர் வேலையும் மூத்த அண்ணன் டாம் தலையில் விழுந்தன. அத்தனை பேரையும் கரையேற்ற வேண்டிய கவலை இருந்த அந்த இளைஞர், தம்பிக்காக நேரம் ஒதுக்கினார் என்பதுதான் இந்தக் கதையின் ஆரம்பம்.

சின்ன வயதில் ஜிம் நிமோனியாவில் படுத்தான். பிழைப்பானா என்று வீடே பயந்த காய்ச்சல். கொஞ்சம் தேறி வந்தபோது சாப்பாடு இறங்கவில்லை. டாம் தம்பியின் கட்டிலருகே வந்து உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து ஓர் உண்டிவில்லை எடுத்துக் கையில் வைத்தார். இதை இழுக்கிற பலம் வேண்டும் என்றால், பக்கத்தில் இருக்கிற கறிச்சாற்றைக் குடித்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். பையன் மடமடவென்று குடித்தான்.

அந்தப் பரிசோடு டாம் இன்னொன்றையும் கொடுத்தார். காட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்ற பாடம். பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் என்று ஒன்று உண்டு, அப்போது அவற்றைத் தொடக் கூடாது என்பதும் அந்தப் பாடத்தில் ஒன்று. கவனிச்சீங்களா? எப்படி அடிப்பது என்பதற்கு முன்னாலேயே எப்போது அடிக்கக் கூடாது என்பது வந்துவிட்டது.

அடித்த பறவையையும் வீணாக்க முடியாது. குமாவுன் பகுதிப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்த ஸ்டீபன் டீஸ் என்பவருக்காக ஜிம் பறவைகளைச் சேகரித்தான். தோலை உரித்து, பதப்படுத்தி, மாதிரியாக நிறுத்தக் கற்றுக்கொண்டான். எந்தப் பறவை எந்த மரத்தில் உட்காரும், எப்போது இரை தேடும், ஆபத்து என்றால் எப்படிக் குரல் கொடுக்கும் என்பதெல்லாம் அந்தச் சிறு வயதிலேயே மனதில் பதிந்தது. (இன்னிக்கு இதையெல்லாம் முயற்சி பண்ணாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவைகளை அடிப்பது குற்றம்!)

படி படியாக...

உண்டிவில்லிலிருந்து நேராகத் துப்பாக்கிக்குப் போகவில்லை ஜிம். நடுவில் இரண்டு படிகள் இருந்தன. முதலாவது, அம்புக்குப் பதிலாக உருண்டையை வைத்து எய்கிற வில். பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால், நாண் விடுபடும் நொடியில் வில்லைப் பிடித்த கையைச் சரியாகத் திருப்பவில்லை என்றால், உருண்டை உங்கள் கட்டைவிரலையே பதம் பார்த்துவிடும். அதில் கை தேறியதும், நைனிதால் கருவூலத்தைக் காவல் காத்த கூர்க்கா வீரர்களோடு போட்டி போடும் அளவுக்குப் பையன் வளர்ந்தான். இரண்டாவது, அவனே செய்துகொண்ட வில்லும் அம்பும்.

இதில் ஒரு விஷயம் இருக்கு. வில்லை வைத்து அடிக்க வேண்டும் என்றால், இலக்குக்கு ரொம்பப் பக்கத்தில் போக வேண்டும். சருகு நொறுங்கக் கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிய வேண்டும். அசையாமல் நிற்கப் பழக வேண்டும். தூரத்திலிருந்தே சுட்டுவிடுகிற ஆயுதம் முதலிலேயே கையில் கிடைத்திருந்தால், இதில் எதையும் அவன் கற்றிருக்கவே மாட்டான்.

டாம் வேறு ஒரு பயிற்சியும் கொடுத்தார். தம்பியை விடியலுக்கு முன்பே எழுப்பி, ஓக் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவுக்குக் கூட்டிப்போய், கையில் துப்பாக்கியோடு ஓர் இடத்தில் தனியாக உட்கார வைத்துவிட்டு, தான் வேறு இடத்துக்குப் போய்விட்டார். கரடிகள் நடமாடும் இடம். கரடியிடம் மாட்டிச் சிதைந்தவர்களின் கதைகளை எல்லாம் கேட்டு வளர்ந்த பையன். கரடி உண்மையிலேயே வந்தது. ஜிம் சுடவில்லை. பயத்தில் உறைந்து உட்கார்ந்திருந்தான். தான் அன்று எவ்வளவு பயந்தேன் என்பதைப் பெரியவரான பிறகு கார்பெட் எந்த வெட்கமும் இல்லாமல் எழுதியிருக்கிறார். பயம் போய்விட்டது என்று அவர் கதை கட்டவில்லை. பயத்தோடு உட்கார்ந்திருக்கப் பழகினார், அவ்வளவுதான்.

ஒற்றைக் குழல் துப்பாக்கி

எட்டு வயதில் ஜிம்முக்குச் சொந்தமாக ஒரு துப்பாக்கி கிடைத்தது. புத்தம் புதுசு எல்லாம் இல்லைங்க. இரட்டைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டுக் கெட்டித்துச் சுடுகிற பழைய வகை. அதில் ஒரு குழல், யாரோ அளவுக்கு மீறி மருந்தைக் கெட்டித்ததால் வெடித்துப் பிளந்திருந்தது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். உருப்படியாக வேலை செய்தது இன்னொரு குழல் மட்டும்தான்.

நமக்கு இது ஓட்டை உடைசல். அவனுக்கு அது பொக்கிஷம். ஆனால், அந்தத் துப்பாக்கியே ஒரு வாத்தியார் மாதிரி வேலை செய்தது. ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து போட்டு, ஈயக் குண்டு போட்டு, கம்பியால் கெட்டித்து முடிக்க நேரம் பிடிக்கும். அதுவரை எந்த விலங்கும் காத்திருக்காது. மருந்துக்கும் குண்டுக்கும் காசு வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ஆக, ட்ரிகரைத் தொடுவதற்கு முன்பு இது நிச்சயம் படுமா என்று பத்து முறை யோசிக்கிற பழக்கம் தானாக வந்துவிட்டது. ஒரே பட்டனை அழுத்தி 50 போட்டோ எடுத்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான விஷயம்தான்!

இந்தக் கட்டத்தில் வருகிறார் குன்வர் சிங். சாந்தினி சௌக் என்ற கிராமத்தின் தலைவர். டாமின் பரம ரசிகர். காலாதுங்கி வட்டாரத்திலேயே கைதேர்ந்த திருட்டு வேட்டைக்காரர் என்ற பெயரும் அவருக்கு உண்டு! பையன் கையில் துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் அறிவுரை, துப்பாக்கியைப் பற்றியது இல்லை. முதலில் மரம் ஏறக் கற்றுக்கொள்ளச் சொன்னார். மரம் ஏறத் தெரிந்தவனுக்குக் காட்டில் பயம் இல்லை என்பது அவர் கணக்கு. துப்பாக்கி ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்பதை, துப்பாக்கியைப் பிடிக்கும் முன்பே யோசித்து வைக்கச் சொன்ன மனுஷன்.

தரையில் படுத்த அதிகாரி

சரி, இப்போ அந்த மைதானத்துக்குத் திரும்புவோம்.

பத்து வயதானதும் நைனிதால் தன்னார்வத் துப்பாக்கிப் படையின் மாணவர் பிரிவில் ஜிம் சேர்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் முறை வந்தது. காட்டில் இத்தனை நாள் பழகியும், இங்கே எல்லாம் வேறு மாதிரி இருந்தது. சுற்றிலும் ஆட்கள். மேலே ஒரு கண் வைத்திருக்கும் தலைமை ஆசிரியர். சொதப்பினால் என்ன கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். பதற்றத்தில் தோட்டாவைக்கூடச் சரியாகப் போட முடியவில்லை.

அப்போதுதான், பார்வையிட வந்த அந்த அதிகாரி, தன் சீருடையைப் பற்றியோ பதவியைப் பற்றியோ கவலைப்படாமல், பையனுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்தார். அவசரமே இல்லை, உனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள் என்ற அர்த்தத்தில் மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். கையைப் பிடித்துக் குறி பார்த்துக் கொடுக்கவில்லை. தப்பைச் சுட்டிக்காட்டவில்லை. ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்திப் பக்கத்தில் படுத்திருந்தார். பையனின் மூச்சு சீரானது. சுட்டான்.

அந்த அதிகாரி, பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் ஆன ஏர்ல் ராபர்ட்ஸ். ஆப்கன் போரில் காபூலிலிருந்து கந்தஹாருக்குப் படையை நடத்திப் போய்ப் புகழ் பெற்ற தளபதி. அவருக்கு அந்தப் பையனை மறுநாளே மறந்திருக்கலாம். ஆனால், கார்பெட் சாகும்வரை மறக்கவில்லை. குறி பார்க்கும்போதும் சரி, வாழ்க்கையில் முடிவு எடுக்கும்போதும் சரி, அவசரப்படத் தோன்றிய நேரமெல்லாம் அந்த அமைதியான குரல்தான் தன்னை நிறுத்தியது என்று, கிட்டத்தட்ட 70 வருடங்களுக்குப் பிறகு வெளிவந்த 'ஜங்கிள் லோர்' புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார்.

மாணவர் பிரிவின் சார்ஜென்ட் மேஜரும் அந்தப் பையனைக் கவனித்துக்கொண்டிருந்தார். கறாரான ஆள், ஆனால் மனசு தங்கம். பள்ளி விடுமுறைக்கு முன், ஒரு ரைஃபிளையும் தேவையான தோட்டாக்களையும் ஜிம்முக்கு இரவல் கொடுத்தார். நிபந்தனை இரண்டு. துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். காலித் தோட்டாக்களை எண்ணித் திருப்பித் தர வேண்டும். நம்பிக்கையும் கொடுத்தார், கணக்கும் கேட்டார்.

அந்த ரைஃபிளால்தான் ஜிம் தன் முதல் சிறுத்தையைச் சுட்டான். முதல் குண்டில் அது சாகவில்லை. காயத்தோடு மறைந்துவிட்டது. காயம்பட்ட சிறுத்தையைப் பின்தொடர்வது பெரியவர்களே தயங்குகிற வேலை. ஆனால், அடிபட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவன் கற்ற பாடம். ரத்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்துப் போய் வேலையை முடித்துவிட்டு, அக்கா மேகியிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினான்.

யாரோ ஒருவரின் மோசமான குறி

காயம்பட்ட விலங்கை விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? அதற்கான பதிலை 1907-ல் கார்பெட் நேரில் பார்த்தார்.

அப்போது அவருக்கு 31 வயது. ரயில்வேயில், பீகாரின் மொகாமே காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் பணியைக் கவனித்துக்கொண்டிருந்தார். நேபாளத்தில் 200 பேரைக் கொன்றுவிட்டு விரட்டப்பட்டு குமாவுனுக்குள் வந்த ஒரு பெண் புலி, சம்பாவத் பகுதியைச் சூறையாடிக்கொண்டிருந்தது. மொத்தப் பலி 436. ஊர் மக்கள் கதவைத் திறந்து வெளியே வரவே பயந்து கிடந்தார்கள். அதைத் தேடிப் போக கார்பெட் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கடைசி மோதலைப் படிச்சா, சினிமா ஹீரோ மாதிரி இருக்காது. தாசில்தார் திரட்டிய கிராம மக்கள் மலையுச்சியில் தகரம் தட்டிக் கூச்சல் போட்டுப் புலியை விரட்ட, கார்பெட்டிடம் இருந்ததோ மூன்றே மூன்று தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தன. புலி காயத்தோடு நிற்கிறது. ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்து சுட்டார். அது ஓட்டைத் துப்பாக்கி. குண்டு பட்டது புலியின் பாதத்தில். நல்லவேளை, முன்பே பட்ட குண்டுகளால் அது செத்துக்கொண்டிருந்தது. உலகமே கொண்டாடும் வேட்டைக்காரர் தன் மிகப் புகழ்பெற்ற வேட்டையின் கடைசிக் குண்டு தப்பிப் போனதை மறைக்காமல் எழுதி வைத்தார்.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலது பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். பல் போனதால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போன புலி, மனிதர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கார்பெட்டின் முடிவு.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. எங்கேயோ, எப்போதோ, பெயர் தெரியாத ஒருவர் அவசரத்தில் சுட்டிருக்கிறார். குறி தவறியது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். அதன் விலை 436 உயிர்கள். டாமும் குன்வர் சிங்கும் தரையில் படுத்த அந்த அதிகாரியும் ஒரு சின்னப் பையனிடம் நிதானத்தை வளர்த்தது வெறும் போட்டியில் ஜெயிக்க இல்லை என்பது இந்த இடத்தில் புரிகிறது.

நிதானம் எல்லா நாளும் ஜெயிக்கவும் இல்லை. ருத்ரபிரயாகில் 125 பேரைக் கொன்ற சிறுத்தைக்காக, அலக்நந்தா நதியின் மேல் இருந்த தொங்கு பாலத்தின் கோபுரத்தில் 20 இரவுகள் உட்கார்ந்து பார்த்தார். பயனில்லை. இடையில் வேறு ஒரு சிறுத்தையை அதுதான் என்று நினைத்துச் சுட்டார். கொலைகள் தொடர்ந்தன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். 1926 மே மாதம், கோலாப்ராய் என்ற இடத்தில் மாமரத்தின் மேல் இரவிரவாகக் காத்திருந்து, டார்ச் வெளிச்சம் மின்னிய ஒரு நொடியில் ஒரே குண்டில் முடித்தார்.

கைமாறிய பாடம்

இந்தக் கதையில் ஒரு நெருடலும் உண்டு. அதையும் சொல்லிடணும். 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, இந்தியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. ஜிம்முக்குக் கிடைத்த இரவல் ரைஃபிள், அதே வயதில் இருந்த ஒரு குமாவுன் கிராமத்துப் பையனுக்குக் கனவிலும் கிடைத்திருக்காது. புலி வரும்போது கையில் அரிவாளோடு நின்றவர்கள் அந்தப் பையனின் அம்மா, அக்காக்கள்தான். புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்குப் போன பெண்கள்தான் ஆட்கொல்லிகளிடம் அதிகம் சிக்கினார்கள்.

கார்பெட்டுக்கும் போகப் போகத் துப்பாக்கி அலுத்தது. புலிகள் குறைந்துகொண்டே வருவதை அவர் கண்ணே காட்டியது. கேமராவைத் தூக்கினார். புலியைப் படம் எடுக்கவும் அதே அசையாத கையும் காத்திருக்கும் மனசும்தானே வேண்டும்? 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவாகத் துணை நின்றார். அவர் மறைவுக்குப் பிறகு அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

1944-ல், 'மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்' வெளிவந்த அதே ஆண்டு, 68 வயதில் அவருக்கு ஒரு புது வேலை வந்தது. லெப்டினன்ட் கர்னல் பதவி. பர்மா போர்முனைக்குப் போகும் இளம் சிப்பாய்களுக்கு மத்திய இந்தியாவின் சிந்துவாராவில் காட்டுப் பயிற்சி கொடுக்க வேண்டும். பலர் அதுவரை காட்டையே பார்க்காதவர்கள். சத்தமில்லாமல் நடப்பது, தடம் பார்ப்பது, பறவையின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டு ஆபத்தைத் தெரிந்துகொள்வது... டாம் தனக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் அவர் அந்தப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மலேரியா படுக்கையில் தள்ளும்வரை.

1947-ல் மேகியோடு கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். 1955 ஏப்ரல் 19 அன்று நைரி என்ற ஊரில் காலமானார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தப் பிள்ளைகள் இல்லை.

உங்க வீட்டுல தம்பியோ, அக்கா பொண்ணோ, பக்கத்து வீட்டு வாண்டோ ஏதாவது கத்துக்கிட்டு இருக்கலாம். கேரம் ஸ்ட்ரைக்கரா இருக்கலாம், பாஸ்கெட்பாலா இருக்கலாம், ஸ்கூட்டியா இருக்கலாம். பத்தாவது தடவையும் சொதப்புவாங்க. உங்களுக்கு வாயில திட்டு ரெடியா வந்து நிக்கும். போனைக் கீழே வெச்சுட்டு, கொஞ்ச நேரம் அவங்க பக்கத்துல உட்காருங்க. சுகா தால் மைதானத்தில் அந்த அதிகாரி செலவழித்தது சில நிமிடங்கள்தான்.